டிக்கியில் ஒரு சக்கர நாற்காலி

கார் பார்க்க ஷோரூமுக்குப் போனபோது அப்பாவின் சக்கர நாற்காலியையும் எடுத்துக்கொண்டு போனேன். விற்பனைப் பையன் குழம்பிப் போய், "சார், இது எதுக்கு?" என்றான். "டிக்கியில வச்சுப் பார்க்கணும் தம்பி" என்றேன். சன்ரூஃபைத் திறந்து காட்டத் தயாராக நின்றவனுக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

நாங்கள் பார்த்தது நடுத்தர அளவு எஸ்.யூ.வி. ஒரே உடம்பு, இரண்டு வகை. பெட்ரோல் வகையின் டிக்கியில், மடித்த நாற்காலி நின்றது. பக்கத்தில் இரண்டு பைகளுக்கும் இடம் இருந்தது. ஹைபிரிடில் கதவு மூடவில்லை. காரணம், மின்கலம் டிக்கியின் தரைக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறது. 2022ல் வந்த மாருதி கிராண்ட் விட்டாராவையே எடுத்துக்கொள்ளுங்கள்: பெட்ரோல் வகையில் டிக்கி 373 லிட்டர், ஸ்ட்ராங் ஹைபிரிடில் 265. அதன் கூடப்பிறந்த டொயோட்டா ஹைரைடரிலும் இதே ஏற்பாடுதான். மைலேஜை எல்லாரும் சொல்வார்கள். இந்த நூறு லிட்டரை நாமாகத்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பின் சீட் அறுபதுக்கு நாற்பது என்று பிரிந்து மடியும். சின்னப் பாதியை மடித்தால் நாற்காலி படுத்துக்கொள்ளும். ஆனால் வீட்டில் நாங்கள் ஐந்து பேர். மடித்தால் நாலு பேர்தான்.

அப்பா பிள்ளையார்பாளையத்தில் நாற்பத்தைந்து வருஷம் குழித்தறியில் உட்கார்ந்தவர். குழியில் கால் இறக்கி, மிதியை மாற்றி மாற்றி மிதித்து, இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டன. எங்கள் பழைய கார் தாழ்வானது. "உங்க கார்ல ஏர்றதும் தறிக்குழியில எறங்குறதும் ஒண்ணுதான்டா" என்பார். எஸ்.யூ.வி.யின் சீட் இடுப்பு உயரத்தில் இருக்கிறது. குனிய வேண்டாம், எம்ப வேண்டாம். திரும்பி உட்கார்ந்து காலை உள்ளே எடுத்து வைத்தால் போதும். விளம்பரத்தில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது. எங்களுக்கு இதுதான் முதல் வசதி.

பிறகு ஹைபிரிட் எதற்கு? ஊரைப் பார்த்தால் புரியும். காந்தி ரோட்டில் பட்டுக்கடை வாசல்களில் வெளியூர் வேன்கள், கோயில் பக்கம் போனால் ஆட்டோ, மாடு, பூக்கூடை. இருபது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்ட முடியாது. சாதாரண இன்ஜின் இப்படி நின்று நின்று போகும்போதுதான் பெட்ரோலைக் குடிக்கும். ஸ்ட்ராங் ஹைபிரிட் அங்கே இன்ஜினை அணைத்துவிட்டு மின்மோட்டாரில் நகரும். பிரேக் பிடிக்கும்போது வீணாகும் சக்தியைக் கொஞ்சம் மின்கலத்துக்குத் திருப்பி அனுப்பும். வீட்டில் சார்ஜ் போட வேண்டியதில்லை.

டெஸ்ட் டிரைவில் சிக்னலில் நின்றதும் அப்பா கேட்டார், "இன்னாடா, வண்டி ஆஃப் ஆயிடுச்சா?" நகர்ந்ததும் இன்னும் ஆச்சரியம். இன்ஜின் எப்போது வந்து சேர்ந்துகொண்டது என்று அவருக்குத் தெரியவில்லை. "கோர்வை மாதிரி கீதே" என்றார். உடலும் கரையும் தனித்தனி நாடாவில் ஓடி, ஒரு இழையில் பூட்டிக்கொள்வது கோர்வை. அதற்கு இரண்டு ஆள் வேண்டும். சின்ன வயதில் அவருக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து நாடா தள்ளியவன் நான். பூட்டு கண்ணுக்குத் தெரிந்தால் அடிதான்.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். எங்களுக்குச் சொன்ன விலையில் இரண்டு வகைக்கும் வித்தியாசம் இரண்டரை லட்சம். நாங்கள் வருஷத்துக்கு ஓட்டுவது பத்தாயிரம் கிலோமீட்டர். ஊருக்குள் லிட்டருக்குப் பதினைந்துக்குப் பதில் இருபத்திமூன்று கிடைத்தால் வருஷத்துக்குச் சுமார் 230 லிட்டர் மிச்சம், அதாவது இருபத்துமூவாயிரம் ரூபாய். போட்ட பணம் திரும்பப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகும். அரசாங்கமும் பெரிதாக உதவவில்லை: மின்சாரக் காருக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், இந்த அளவு ஹைபிரிடுக்கு 43 சதவீதமாக இருந்து 2025 செப்டம்பரில் 40 ஆனது. தினமும் அறுபது, எழுபது கிலோமீட்டர் ஓடுகிறவருக்குத்தான் கணக்கு சரியாக வரும்.

ஆனாலும் ஹைபிரிடையே எடுத்தோம். ஏ.சி.தான் காரணம். இந்த வகையில் கம்ப்ரசர் மின்சாரத்தில் ஓடுகிறது. இன்ஜின் நின்றிருந்தாலும் குளிர் நிற்காது. மின்கலம் குறைந்தால் இன்ஜின் தானாக எழுந்து கொஞ்ச நேரம் ஓடிவிட்டு மறுபடி படுத்துக்கொள்ளும். வரதராஜர் கோயிலில் நெரிசலான நாளில் அப்பா உள்ளே வர முடியாது. அம்மாவும் அவரும் காரில் இருக்க, நாங்கள் போய்விட்டு வருவோம். சித்திரை வெயிலிலும் அவருக்கு வேர்க்கவில்லை.

நாலு சீட் பிரச்சினை கார் வந்த பிறகும் தீரவில்லை. முதல் இரண்டு முறை அப்பா, "நாற்காலி ஒரு ஆள் எடத்தப் புடிச்சிக்குது, நான் வரல, நீங்க போங்க" என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். இதற்கா கார் வாங்கினோம் என்று எனக்கு ராத்திரி தூக்கம் இல்லை. மூன்றாம் முறை என் மகள் ஒன்றும் பேசாமல் ஸ்கூட்டியை எடுத்து முன்னால் போய்விட்டாள். "கோயில்கிட்ட வெயிட் பண்றேன் தாத்தா" என்று போன் வந்தது. அவர் ஏறினார். இப்போது அதுவே பழக்கமாகிவிட்டது.

போன வாரம் காலையில் பிசியோதெரபிக்கு அழைத்துப் போனேன். தெரு நடுவில் நீளமாகப் பாவு விரித்து இழை சரிசெய்துகொண்டிருந்தார்கள். அந்த வேலை நடக்கும்போது எங்கள் தெருவில் யாரும் ஹாரன் அடிக்க மாட்டார்கள். நிறுத்தினேன். இன்ஜின் ஏற்கெனவே அணைந்திருந்தது. அப்பா கண்ணாடியை இறக்கினார். தறிகளின் சத்தமும் அவர்கள் பேச்சும் உள்ளே வந்தன.

"தம்பி, உன் பக்கம் ரெண்டு இழை அறுந்திருக்கு பாரு."

அந்தப் பையன் குனிந்து தேடினான். "ஆமா தாத்தா" என்று முடிச்சுப் போட்டான். அப்புறம் விலை, கூலி, யார் தறியை விட்டுக் கம்பெனி வேலைக்குப் போனார்கள் என்று பேச்சு நீண்டது. எட்டு மாதமாக அப்பா அந்தத் தெருவில் யாரிடமும் பேசியிருக்கவில்லை. பிசியோதெரபிக்கு அரை மணி நேரம் தாமதம். நான் அவசரப்படுத்தவில்லை.