சொல்லொணா வேதனை

என்னுடைய நாவல்களில் "சொல்லொணா வேதனை" என்ற தொடர் எத்தனை இடங்களில் வருகிறது என்று இதுவரை யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. எண்ணாமல் இருப்பதே எனக்கு நல்லது. கதாநாயகிக்குக் கல்யாணம் தட்டிப் போனால் சொல்லொணா வேதனை. கிழவருக்கு முதுகில் கட்டி வந்தால் சொல்லொணா வேதனை. அத்தியாயம் முடிகிற இடத்தில் வேறு ஒன்றும் தோன்றாவிட்டால் யாருக்காவது ஒருவருக்குச் சொல்லொணா வேதனை. எழுதுகிறவனுக்கு இது மிகவும் சௌகரியமான தொடர். சொல்ல முடியாது என்று சொல்லிவிட்டால் அப்புறம் சொல்ல வேண்டிய பொறுப்பு இல்லை அல்லவா?

அந்தச் சௌகரியத்துக்காக நான் கட்டிய அபராதத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. விஷயம் கொஞ்சம் சங்கோசமானது, மூத்திரப்பையைப் பற்றியது. சாப்பிட்டுக்கொண்டே பத்திரிகை படிக்கும் வழக்கமுள்ள நேயர்கள், கை கழுவிவிட்டு வந்து மேலே படிக்கலாம். படிக்காமல் மட்டும் இருந்துவிட வேண்டாம்.

2021-ஆம் வருஷம் ஆவணி மாதத்தில் ஒரு நாள் காலையில் எனக்குச் சிறுநீர் சிவப்பாகப் போயிற்று. வலி இல்லை; எரிச்சல் இல்லை; காய்ச்சல் இல்லை. முதல் நாள் வீட்டில் பீட்ரூட் பொரியல். குற்றவாளி அகப்பட்டுவிட்டான் என்று நிம்மதியாகக் காப்பி குடிக்கப் போய்விட்டேன். இரண்டு வாரம் கழித்து மறுபடியும் சிவப்பு. அன்று பீட்ரூட் இல்லை. ஆனால் மனிதனுக்குச் சாக்குக்கா பஞ்சம்? உடம்புச் சூடு, இளநீர் குடித்தால் தணிந்துவிடும் என்று தீர்ப்புச் செய்துகொண்டேன். இப்படியே நாலு மாதம் ஓட்டினேன். மார்கழியில் ஒரு நாள் துவைக்கப் போட்ட வேட்டியை என் மனைவி விரித்துப் பார்த்தாள். அன்று மாலையே நான் ஒரு டாக்டரின் எதிரில் உட்கார்ந்திருந்தேன்.

"வலியே இல்லையே, டாக்டர்!" என்றேன், ஏதோ நற்சாட்சிப் பத்திரம் நீட்டுகிறவனைப்போல.

"வலி இல்லாமல் இரத்தம் போனால்தான் சார் எங்களுக்கு அதிகக் கவலை" என்றார் அவர். என் மகன் வயதுதான் இருக்கும். "சிகரெட் உண்டா?"

உண்டா என்று கேட்டால்? நாற்பது வருஷம். அத்தியாயத்துக்கு ஒரு பெட்டி என்பது என் கணக்கு. புகையோடு உள்ளே போன நஞ்சு நுரையீரலோடு நின்றுவிடுவதாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது இரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தில் வடிந்து, மூத்திரப்பையில் வந்து மணிக்கணக்காகத் தங்கி இருக்குமாம். இந்தப் பையில் புற்று வருகிறவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்குப் புகைதான் காரணம் என்பதை அன்றுதான் கேட்டறிந்தேன்.

முதலில் உள்ளே பார்க்க வேண்டும் என்றார்கள். பார்ப்பது என்றால் நீர் வரும் வழியாகவே ஒரு குழாயைச் செலுத்திப் பார்ப்பது. 1806-இல் பிராங்க்பர்ட்டில் பிலிப் போஸினி என்ற வைத்தியர், மெழுகுவத்தி வெளிச்சத்தைக் கண்ணாடியால் திருப்பி மனித உடம்புக்குள் அனுப்ப ஒரு கருவி செய்தார். 1879-இல் வியன்னாவில் மாக்ஸ் நிட்ஸே என்பவர் குழாயின் நுனியிலேயே விளக்கை வைத்தார். விளக்கு என்றால், பழுக்கக் காய்ச்சிய பிளாட்டினக் கம்பி! அது உள்ளே சுட்டுவிடாமல் இருக்கச் சுற்றிலும் தண்ணீர் ஓட்டம். இதைப் படித்த பிறகு, வளைந்து கொடுக்கும் மெல்லிய குழாயும் குளிர்ந்த வெளிச்சமும் உள்ள காலத்தில் எனக்கு நோய் வந்ததைப் பற்றி மனத்துக்குள் ஒரு நன்றி சொல்லிக்கொண்டேன்.

மரத்துப் போகச் செய்யும் களிம்பைச் செலுத்திச் சிறிது நேரம் விட்டுவிட்டுக் குழாயை விட்டார்கள். ஓர் இடத்தில் உடம்பு கதவைச் சாத்திக்கொண்டது. "மூச்சை மெதுவாக விடுங்கள். நீர் கழிக்கப் போகிறவர் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். கால் விரல்களை ஆட்டுங்கள்" என்றார் நர்ஸம்மாள். அறுபத்தேழு வயதில் குழந்தையைப்போல் கால் விரல்களை ஆட்டினேன். கதவு திறந்தது. எதிரே திரையில் என் மூத்திரப்பை தெரிந்தது: இளஞ்சிவப்பான ஒரு குகை, அதன் ஒரு சுவரில் கடற்பாசிபோல் ஏதோ ஆடிக்கொண்டிருந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. அதுதான் புற்று.

நேயர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இதுவரையில் அந்த நோய் எனக்கு ஒரு கடுகளவும் வலி கொடுக்கவில்லை. வலி எல்லாம் வைத்தியத்தோடுதான் ஆரம்பமாயிற்று. அன்று வீட்டுக்கு வந்து முதல் தடவை நீர் பிரிந்தபோது மிளகாய்த் தூளைக் கரைத்து ஊற்றியதுபோல் இருந்தது. அது இரண்டு நாளில் தணிந்தது. தை மாதத்தில், முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்து, அதே வழியாகக் கருவியை விட்டு, அந்தக் கடற்பாசியைச் சுரண்டி எடுத்தார்கள். வயிற்றில் ஒரு கீறல் இல்லை. ஆனால் மரப்பு விட்ட பிறகு, பையிலே செருகியிருந்த குழாயைப் பை வெளியே தள்ளப் பார்த்தது. அடிவயிறு முறுக்கிக்கொண்டு, குழாயையும் மீறி நீர் கழிய வேண்டும் என்று ஒரு வேகம்; பிறகு தளர்ச்சி; மறுபடியும் முறுக்கல்.

மறுநாள் டாக்டர் வந்தார். "எப்படி இருக்கிறது, சார்?"

"சொல்லொணா வேதனை!" என்றேன். வாழ்க்கையில் முதல் முறையாக அந்தத் தொடரை உண்மையாகவே பிரயோகம் செய்திருந்தேன்.

அவர் சிரிக்கவில்லை. "சொல்லாவிட்டால் நான் எந்த மருந்தை எழுதுவது? எரிகிறதா, குத்துகிறதா, முறுக்குகிறதா? விட்டு விட்டு வருகிறதா, நிலையாக இருக்கிறதா? நீங்கள் எழுத்தாளர், உங்களுக்கா சொல்லத் தெரியாது?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. முறுக்குகிறது என்றேன், விட்டு விட்டு என்றேன். "அப்படியானால் வலி மாத்திரை மட்டும் போதாது. அது பை சுருங்குகிற வலி. அதற்கு வேறு மாத்திரை" என்று எழுதினார். அது நாக்கை உலர்த்திற்று, மலச்சிக்கலும் தந்தது, ஆனால் ஒரு மணி நேரத்தில் முறுக்கல் விட்டது. ஒரே ஒரு வினைச்சொல் செய்த வேலை!

அன்று சாயங்காலமே மனைவியிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி வரச் சொன்னேன். எரிச்சல், கடுப்பு, குத்தல், முறுக்கல், இழுப்பு, பாரம் என்று நாளும் மணியும் போட்டு எழுத ஆரம்பித்தேன். நம்முடைய தமிழில் வலிக்குத்தான் எத்தனை சொற்கள்! எரிச்சல் என்பது நீர் போகும்போது. கடுப்பு என்பது போய் முடிந்த பிறகும் இன்னும் இருப்பதுபோல் நிற்பது. இரண்டும் ஒன்றல்ல. இந்த வித்தியாசம் என் பாட்டிக்குத் தெரியும். முப்பது நாவல் எழுதிய எனக்குத் தெரியவில்லை.

மாசி மாதத்தில் அடுத்த கட்டம் வந்தது. மீண்டும் முளைக்காமல் இருப்பதற்காக, வாரம் ஒரு தரமாக ஆறு வாரம், பைக்குள்ளே பி.சி.ஜி. மருந்து செலுத்த வேண்டும் என்றார்கள். எனக்குத் திகைப்பாக இருந்தது. பி.சி.ஜி. என்றால் க்ஷயரோகத்துக்குப் பள்ளிக்கூடத்தில் குத்தினார்களே, அந்த ஊசித் தழும்பு அல்லவா? அதேதான். பிரான்ஸ் தேசத்தில் கால்மெட், கெரான் என்ற இருவர், மாட்டின் க்ஷயரோகக் கிருமியைப் பித்தநீரில் ஊறிய உருளைக்கிழங்கில் பதின்மூன்று வருஷம் திரும்பத் திரும்ப வளர்த்து, அதன் கொடுமையைப் போக்கினார்கள். 1921-இல் முதன்முதலாக ஒரு குழந்தைக்குக் கொடுத்தார்கள். நம்முடைய கிண்டியில் 1948-இல் அதைத் தயாரிக்க ஒரு சாலை ஏற்பட்டது. 1955-இல் ராஜாஜி இந்த ஊசியை எதிர்த்துத் தனிப் பிரசுரமே வெளியிட்டார். இவ்வளவு வழக்குக் கண்ட அந்த மருந்தை, 1976-இல் கானடாவில் மொராலிஸ் என்ற டாக்டர் மூத்திரப்பைப் புற்றுக்குக் கொடுத்துப் பலன் கண்டதாக எழுதினார். அது புற்றை நேராகத் தாக்குவதில்லை. பையின் சுவரில் போய்க் கலகம் செய்து, தூங்கிக்கொண்டிருக்கும் உடம்பின் காவல்காரர்களை எழுப்பிவிடுகிறது. கலகம் என்றால் சும்மாவா? அந்தக் கலகம் எனக்கு எரிச்சலாகத் தெரிந்தது.

மருந்தை விட்ட பிறகு இரண்டு மணி நேரம் அடக்கிக்கொண்டிருக்க வேண்டும். அப்புறம் ஆறு மணி நேரம் வரையில், உட்கார்ந்தே நீர் கழித்து, கழிப்பறையில் பிளீச்சிங் கரைசல் ஊற்ற வேண்டும். முதல் வாரம் சுலபமாகப் போயிற்று. இரண்டாவது வாரம் இரவில் பதினான்கு முறை எழுந்தேன். மூன்றாவது வாரம் எரிச்சல் இரண்டு நாளில் விடுவதற்குப் பதில் ஆறு நாளும் நின்றது. கடைசி இரண்டு நாள் நீரில் சிவப்பும் தெரிந்தது. நோட்டில் எழுதினேன். ஆனால் யாரிடமும் காட்டவில்லை. ஏன் என்று கேட்டால், வீரம்! பாதி வீரம், பாதிப் பயம். சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்கள், நிறுத்தினால் புற்று திரும்பி வந்துவிடும் என்று பயம்.

நாலாவது வாரம் நர்ஸம்மாள் கையில் தாளோடு கேட்டாள்: "காய்ச்சல் இருந்ததா, ஐயா? இரத்தம் போயிற்றா? எரிச்சல் இருக்கிறதா?"

"ஒன்றும் இல்லை, அம்மா" என்றேன்.

"இவர் பொய் சொல்கிறார்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். என் மனைவி கைப்பையிலிருந்து அந்த நோட்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "என்னங்க, கதையில்தான் பொய் எழுதுகிறீர்கள். இதில் எழுதினதாவது நிஜமாக இருக்கட்டும்."

டாக்டர் நோட்டைப் புரட்டினார். அன்று மருந்து ஏற்றவில்லை. நீரைச் சோதித்ததில் வேறு கிருமி சேர்ந்திருந்தது தெரிந்தது. பிறகு அவர் நிதானமாக விளக்கினார்: பையில் புண்ணும் இரத்தமும் இருக்கும்போது பி.சி.ஜி.யை விட்டால், அந்த உயிருள்ள கிருமி இரத்தத்தில் ஏறி உடம்பெல்லாம் பரவிவிடக் கூடும். உயிருக்கே ஆபத்தாக முடியலாம். "ஒரு வாரம் தள்ளிப் போடுவதால் குடி முழுகிவிடாது, சார். நீங்கள் மறைத்திருந்தால்தான் முழுகியிருக்கும்."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் பேசவில்லை. முதலில் வலி இல்லை என்பதால் நோயை மறைத்தேன். பிறகு வலி இருக்கிறது என்பதை மறைத்தேன். முதல் மறைப்பு நாலு மாதத்தைத் தின்றது. இரண்டாவது மறைப்பு ஆளையே தின்றிருக்கும்.

அப்பர் பெருமானுக்குச் சூலை நோய் வந்ததை நாம் எல்லோரும் அறிவோம். திருவதிகைக்கு வந்து, தமக்கையார் கையால் திருநீறு பெற்று, சந்நிதியில் நின்று அவர் பாடினார். அந்தப் பாட்டில் அவர் வலியை மறைத்தாரா? சொல்லொணாதது என்று விட்டாரா? வயிற்றுக்குள்ளே குடலை எப்படிப் பிடித்து முடக்குகிறது என்று இடம் சுட்டி, வகை சொல்லி முறையிட்டார். எல்லாம் அறிந்த ஈசனுக்கே அப்படி எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது என்றால், பாவம், டாக்டருக்குச் சொல்லாமல் எப்படித் தெரியும்?

பத்து நாள் கழித்து வைத்தியம் தொடர்ந்தது. இந்தத் தடவை வலியோடு சண்டை போடுவதை விட்டுவிட்டு, அதோடு ஒப்பந்தம் செய்துகொண்டேன். மருந்து வெளியேறிய பிறகு தண்ணீரை நிறையக் குடித்தேன். எரிகிறதே என்று தண்ணீரைக் குறைத்தால் நீர் கெட்டியாகி இன்னும் அதிகமாக எரியும். காப்பிக்கும் காரக் குழம்புக்கும் அந்த இரண்டு நாள் விடுமுறை. அடிவயிற்றில் துணி சுற்றிய வெந்நீர்ப் பை. நீரை ஆரஞ்சு நிறமாக்கும் ஒரு மாத்திரை. இது டாக்டர் சொல்லித்தான், இரண்டு நாள்தான். காய்ச்சல் 101 டிகிரிக்கு மேல் ஏறினாலும், குளிர் நடுக்கம் கண்டாலும், இரத்தம் கட்டியாக வந்தாலும், நீர் அடைத்துக்கொண்டாலும் நோட்டில் எழுதிக்கொண்டு உட்காராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்பது ஒப்பந்தத்தின் கடைசி ஷரத்து.

இன்னொரு மருந்தும் கிடைத்தது. ஆஸ்பத்திரி பெஞ்சில் என் பக்கத்தில் ஒரு பெரியவர் உட்காருவார். லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். மூன்று வாரம் நாங்கள் இருவரும் மழையைப் பற்றியே பேசினோம். ஐந்தாவது வாரம் நான் மெதுவாக, "உங்களுக்கு இராத்திரி எத்தனை தடவை?" என்று கேட்டேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "பதினாறுங்க" என்றார். "எனக்குப் பதினான்கு" என்றேன். தோற்றுப் போனவனைப்போல் நான் முகத்தை வைத்துக்கொள்ளவே, அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சிரித்ததில் அவருக்குக் கடுப்பு வந்துவிட்டது, எனக்கும் வந்துவிட்டது. ஆனாலும் அன்று இருவருக்கும் வலி குறைவாக இருந்ததாகவே நோட்டில் எழுதியிருக்கிறேன்.

இரண்டு வருஷம் மூன்று மாதத்துக்கு ஒரு தரம் குழாய் விட்டுப் பார்த்தார்கள். இப்போது ஆறு மாதத்துக்கு ஒரு தரம். ஒவ்வொரு தரமும் கால் விரல்களை ஆட்டுகிறேன். இதுவரையில் குகை சுத்தமாக இருக்கிறது. அடுத்த தரம் எப்படியோ, அடுத்த தரம் பார்த்துக்கொள்ளலாம்.

சென்ற மாதம் என் பழைய நாவல் ஒன்றின் புதிய பதிப்புக்குப் புரூப் வந்தது. திருத்திக்கொண்டு வந்தபோது பன்னிரண்டாவது அத்தியாயத்தின் கடைசி வரியில் கை நின்றுவிட்டது. "அவள் சொல்லொணா வேதனையில் ஆழ்ந்தாள்" என்று இருந்தது. அந்தத் தொடரை அடித்தேன். அந்த இடத்தில் என்ன எழுதுவது என்று வெகு நேரம் பேனாவோடு உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. நான் படைத்த பெண்தான். ஆனால் அவளுக்கு எங்கே வலித்தது, எப்படி வலித்தது என்று முப்பது வருஷமாக நான் அவளைக் கேட்டதே இல்லை.