மூட்டையை எங்கே வைப்பது?

பெரும்போக வெள்ளாமை வெட்டுத் தொடங்கிவிட்டால் கோமாரிப் பக்கத்துக் கிரவல் பாதைகளில் லேண்ட்மாஸ்டர் சத்தம் ஓயாது. நெல் மூட்டை, மணல், விறகு, கல்யாண வீட்டுக் கதிரை எல்லாம் அந்தச் சின்னப் பெட்டியில்தான் போகும். ஓட்டுகிறவர் அநேகமாக ஆண். ஆனால் மூட்டையைத் தூக்கிக் கொடுப்பதிலும், ஏற்றிய மூட்டையின் மேல் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு வருவதிலும் பெண்களே அதிகம். அதனால்தான் பாரம் ஏற்றுகிற விஷயத்தை இந்தப் பக்கத்தில் எழுத நினைத்தேன்.

எங்கள் மாதர் குழுவில் ஓர் அக்கா இருக்கிறார். யுத்த காலத்தில் கூட்டிக்கொண்டு போகப்பட்ட கணவர் திரும்பி வரவில்லை. இரண்டு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டு, கடன் எடுத்து, பழைய லேண்ட்மாஸ்டர் ஒன்றும் பெட்டியும் வாங்கினார். தமையனின் மகன் ஓட்டுகிறான். வாடகைக் காசில்தான் மாதத் தவணை கட்ட வேண்டும். வாங்கிய முதல் போகத்திலேயே ஒரு தொல்லை. வயல் வரம்பிலோ வாய்க்கால் கரையிலோ ஏறும்போது மெசினின் கைபிடி மேலே எழும்பும், சில்லு நின்ற இடத்திலேயே சுற்றும். திருத்துகிற இடத்தில் இரண்டு ரயரையும் மாற்றச் சொன்னார்கள். அதற்கு இரண்டு மாதத் தவணைக் காசு வேண்டும்.

வழி சொன்னவர் அந்த அக்காவின் அம்மா. அவருடைய புருஷன் ஒரு காலத்தில் வண்டில்காரர். மூட்டை ஏற்றுவதைத் திண்ணையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தவர் சொன்னார்: "பின்பாரம் ஏத்தினா நுகம் தூக்கி மாட்டுக்குத் தொண்டை இறுகும். முன்பாரம் ஏத்தினா கழுத்துப் புண்ணாகும். இந்த மெசினுக்கு மட்டும் கழுத்து இல்லையா மகள்?"

கழுத்து இருக்கிறது. பெட்டியை மெசினில் கொளுவுகிற இடம்தான் அது. பெட்டியின் பாரத்தில் பெரும்பகுதியை அதன் சொந்தச் சில்லுகள் தாங்கும். ஒரு சிறு பங்கு கொளுக்கியில் அமுங்க வேண்டும். அந்த அமுக்கம்தான் மெசினின் சில்லை நிலத்தோடு பிடிக்க வைக்கிறது. பாரம் பின்னுக்குப் போனால் கொளுக்கி மேலே இழுபடும். அதோடு கைபிடியும் எழும்பும், சில்லும் வழுக்கும். புது ரயர் போட்டாலும் இந்த நோய் தீராது.

பல்கலைக்கழகத்தில் நான் படித்தது சமூகவியல். ஆனால் இதற்குச் சாதாரண தர விஞ்ஞானப் புத்தகத்தில் உள்ள 'திருப்பம்' என்ற பாடமே போதும். பிள்ளைகள் ஏறி விளையாடும் சீசோவை நினைத்துக்கொள்ளுங்கள். பெட்டியின் அச்சுத்தான் அதன் நடு. அச்சிலிருந்து கொளுக்கி வரை 6 அடி என்று வைத்துக்கொள்வோம். 60 கிலோ மூட்டையொன்றை அச்சுக்கு 1 அடி முன்னால் வைத்தால் கொளுக்கியில் 10 கிலோ அமுங்கும். 2 அடி முன்னால் வைத்தால் 20 கிலோ. அதே மூட்டையை 1 அடி பின்னால் வைத்தால் கொளுக்கியை 10 கிலோ அளவு தூக்கும். 12 மூட்டை என்றால் 720 கிலோ. அவ்வளவு பாரத்தினதும் நடு அச்சுக்கு ஒரு சாண், அதாவது 9 அங்குலம், முன்னால் விழுந்தால் கொளுக்கியில் 90 கிலோ. ஒரு சாண் பின்னால் போனால் அதே 90 கிலோ எதிர்ப்பக்கம் இழுக்கும். மூட்டை அதேதான், எண்ணிக்கையும் அதேதான்.

அக்கா செய்த வேலை எனக்கு மிகவும் பிடித்தது. பெட்டியின் இரண்டு பக்கப் பலகையிலும் அச்சுக்கு நேர் மேலே வெள்ளைப் பெயின்றால் கோடு போட்டார். முதல் மூட்டை கோட்டுக்கு முன்னால், பிறகு பின்னால் ஒன்று, முடிவில் முன்பக்கம் சற்றுக் கூடுதலாக இருக்க வேண்டும். ஏற்ற வந்த ஆண்கள் சிலர், "பொம்பிளை எங்களுக்குப் படிப்பிக்கிறாவோ" என்று முணுமுணுத்தார்கள். "மெசினும் என்ட, கடனும் என்ட" என்றார் அவர். ரயர் இன்னும் மாற்றவில்லை.

அதற்காக எல்லாவற்றையும் முன்னுக்கே அடுக்கிவிடவும் கூடாது. ஓட்டுகிறவர் இருப்பதும் பெட்டியின் முன்பக்க ஆசனத்தில்தான், அவருடைய பாரமும் கொளுக்கியில் சேரும். லேண்ட்மாஸ்டர் சின்ன மெசின். கொளுக்கி மிதமிஞ்சி அமுங்கினால் கைபிடி தாழ்ந்து எஞ்சின் மூக்கைத் தூக்கும். நாலு சில்லு டிரக்டரிலும் இதே கதைதான். கொளுக்கி பின் சில்லுக்கும் பின்னால் இருப்பதால், அங்கே அளவுக்கு மேல் அமுங்கினால் முன் சில்லு இலேசாகி ஸ்டியரிங் கேட்காது. சேற்றில் புதைந்ததை இழுக்கும்போது சிலர் சங்கிலியைக் கொளுக்கியில் போடாமல் அதற்கு மேலே எங்கேயாவது கட்டுவார்கள். அப்படி இழுத்தால் டிரக்டர் பின்பக்கமாகவே குப்புறப் பிரளும். குதித்துத் தப்ப நேரம் இருக்காது.

மெயின் ரோட்டில் போகும் கொள்கலன் லொறிகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றின் இணைப்பு பின்னால் தொங்குவதில்லை. லொறியின் பின் சில்லுகளுக்கு மேலேயே ஒரு பெரிய தட்டில் பாரம் உட்காரும். அதை 'ஐந்தாம் சில்லு' என்பார்கள், குதிரை வண்டிக் காலத்துப் பெயர். அமெரிக்கா, கனடா பக்கங்களில் வீடு போன்ற பெரிய பெட்டிகளையும் இந்த முறையில் இழுக்கிறார்கள். பின்னால் கொளுவும் பெட்டியென்றால் மொத்தப் பாரத்தில் 10 முதல் 15 சதவீதம் கொளுக்கியில் இருக்க வேண்டும் என்பது அங்கே பொதுக் கணக்கு. ஐந்தாம் சில்லு என்றால் 15 முதல் 25 சதவீதம். பாரம் சில்லுக்கு மேலேயே இறங்குவதால் அவ்வளவு தாங்கும். நம் சின்ன மெசினுக்கு இந்தக் கணக்கை அப்படியே எடுக்க முடியாது. சமநிலத்தில் கைபிடி தானாக எழும்பவும் கூடாது, கையை அமுக்கவும் கூடாது. அதுதான் நமது தராசு.

லேண்ட்மாஸ்டர் என்பது முதலில் ஓர் இங்கிலாந்துக் கம்பனியின் பெயர். 1950களில் அந்த மெசினை வடிவமைத்தவர் நம் நாட்டுப் பொறியியலாளர் ரே விஜேவர்தன. இப்போது எந்த நாட்டு மெசின் வந்தாலும் நமக்கு லேண்ட்மாஸ்டர்தான்.

தண்ணீர் பவுசர் வேறு மாதிரி. 2000 லீற்றர் தண்ணீர் 2000 கிலோ. தொட்டி நிறைந்திருந்தால் அசையாது. அரைவாசியாக இருந்தால் ஏற்றத்தில் தண்ணீர் பின்னுக்கு ஓடும், பிரேக் போட்டால் முன்னுக்கு ஓடும். கொளுக்கியின் பாரமும் அதோடு ஓடும். பவுசர் வளைவில் வரும்போது குடத்தோடு பக்கத்தில் போய் நிற்காதீர்கள்.

இனி மனிதப் பாரத்துக்கு வருகிறேன். 1990இல் ஊரை விட்டு ஓடிய நாளைப் பற்றித் தாய்மார் சொல்வார்கள். கிடைத்த பெட்டியில், கிடைத்த இடத்தில் தொற்றிக்கொண்டு வந்தார்களாம். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிறவர்கள் முன்பாரம், பின்பாரம் பார்க்க முடியாது. ஆனால் வயல் வேலை முடிந்து வரும் சாதாரண நாளிலும் அந்தப் பழக்கம் தொடர்கிறது. மூட்டை முன்னால் இருக்க, பெண்கள் பின்பலகையில் காலைத் தொங்கப் போட்டு வரிசையாக இருப்பார்கள். 50 கிலோ வீதம் 5 பேர் என்றால் 250 கிலோ. அச்சுக்கு 3 அடி பின்னால் அது இருந்தால் கொளுக்கியை 125 கிலோ அளவு தூக்கும். 12 மூட்டையைப் பார்த்துப் பார்த்து ஏற்றி உண்டாக்கிய 90 கிலோ அதில் போய்விடும். கடந்த போகத்தில் ஒரு வாய்க்கால் கரையில் அப்படித்தான் நடந்தது. கைபிடி ஓட்டியவனின் நாடியில் அடித்தது, பெட்டி பின்னுக்கு உருண்டது. கரையில் நின்ற மருதமரம் தடுத்தபடியால் ஒருவருக்குக் கால் சுளுக்கியதோடு முடிந்தது.

இறக்கத்தில் வேறொன்று உண்டு. லேண்ட்மாஸ்டரை வலப்பக்கம் திருப்ப வலக்கைக் கிளச்சைப் பிடிப்பார்கள். பெட்டி பின்னால் இருந்து தள்ளுகிற இறக்கத்தில் அதே கிளச்சைப் பிடித்தால் மெசின் இடப்பக்கம் திரும்பும். பழகாத பையன்களிடம் ஓட்டக் கொடுக்கும் வீட்டார் இதைக் கட்டாயம் கேட்டுப் பார்க்க வேண்டும்.

மூட்டையோடு ஆட்கள் ஏறாமல் இருப்பதே சரி. ஆனால் வயலுக்கும் வீட்டுக்கும் நடுவில் பஸ் ஓடுவதில்லை என்பதும் எனக்குத் தெரியும். அக்காவின் பெட்டியில் வருகிறவர்கள் இப்போது வெள்ளைக் கோட்டுக்கு முன்னால்தான் இருக்கிறார்கள். வாய்க்கால் கரை வந்ததும் எல்லோரும் இறங்கி, பெட்டியின் பின்னால் நிற்காமல் பக்கவாட்டில் நடந்து கடந்து, மறுகரையில் ஏறிக்கொள்கிறார்கள்.