வாக்கி டாக்கி வாங்கப் போறீங்களா? முதல்ல காதைக் கவனிங்க!

கல்ச்சுரல்ஸ் பட்ஜெட் கூட்டம் எந்தக் கல்லூரியில் நடந்தாலும் ஒரு காட்சி கட்டாயம் உண்டு. ஸ்டேஜ் பொறுப்பில் இருக்கும் மாணவர் பட்டியலை வாசிப்பார். சவுண்டு, லைட், ஜெனரேட்டர், ஷாமியானா என்று வரிசையாகத் தலையாட்டிக்கொண்டே வரும் பொருளாளர், "வாக்கி டாக்கி, ஹெட்செட்" என்ற வரி வந்ததும் நிமிர்ந்து உட்காருவார்.

"எதுக்குடா அது? அதான் எல்லார் கையிலயும் போன் இருக்கே! வாட்சப்ல ஒரு குரூப் போட்டுக்கோ!"

கூட்டம் சிரிக்கும். அந்த வரி அடிக்கப்படும். மிச்சமான காசில் சீஃப் கெஸ்டுக்கு இன்னும் கொஞ்சம் பெரிய பொன்னாடை வரும் :-)

பொருளாளர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. போன் இருக்கும்போது தனியாக ஒரு கருவி எதற்கு? அதற்கு முதலில் பதில் சொல்லிவிட்டு, எதை வாங்குவது, எதில் மிச்சம் பிடிப்பது என்று பார்க்கலாம்.

போன் ஏன் போதாது?

ஒரே மைதானத்தில் சில ஆயிரம் பேர் கூடி, எல்லோரும் ஒரே நேரத்தில் வீடியோ அனுப்ப ஆரம்பித்தால் அந்தப் பகுதி டவர் திணறும். நிகழ்ச்சி சூடு பிடிக்கும் நேரமும் டவர் படுக்கும் நேரமும் ஒன்றுதான். அப்படியே சிக்னல் இருந்தாலும் போன் என்பது ஒருவர் ஒருவரிடம் பேசும் சாமான். எண்ணைத் தேட வேண்டும், மணி அடிக்க வேண்டும், எதிரில் இருப்பவர் அந்தச் சத்தத்தில் எடுக்க வேண்டும். குரூப்பில் எழுதினால் அவர் திரையைப் பார்க்க வேண்டும். கையில் கயிற்றையோ ஏணியையோ பிடித்திருப்பவர் திரையை எங்கே பார்ப்பது?

வாக்கி டாக்கியில் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். அந்தச் சேனலில் இருக்கும் எல்லோர் காதிலும் ஒரே நொடியில் விழும். டவர் வேண்டாம், ரீசார்ஜ் வேண்டாம்.

இது வசதிக்கான விஷயம் மட்டும் இல்லை. 2025 ஜூன் 4 அன்று பெங்களூரு சின்னசாமி மைதானத்துக்கு வெளியே கூட்ட நெரிசலில் 11 பேர் உயிரிழந்தார்கள். உள்ளே கிரிக்கெட் அணிக்குப் பாராட்டு விழா நடந்தது. நிலைமை தெரியவந்ததும் நிகழ்ச்சியை மாற்றிக்கொண்டதாக அணி நிர்வாகம் பின்னர் அறிக்கை விட்டது. அந்தத் துயரத்துக்குக் காரணங்கள் பல. வாக்கி டாக்கி இருந்திருந்தால் நடந்திருக்காது என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆனால் விழா நடத்தும் எவரும் தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று அதில் இருக்கிறது. கேட்டில் நடப்பது மேடைக்குத் தெரிய எத்தனை நிமிடம் ஆகும்? கல்லூரி விழாவில் கேட்டில் நிற்பவர் பெரும்பாலும் முதலாம் ஆண்டு வாலண்டியர். "அண்ணா, இங்க தள்ளுமுள்ளு ஆகுது" என்று அவர் சொல்வது மேடையில் ஒருவர் காதில் விழ வேண்டும்.

சரி, மேட்டருக்கு வருவோம்.

1. வாட்டைப் பார்த்து மயங்காதீர்கள்

அட்டைப்பெட்டியில் "10 கிலோமீட்டர்" என்று போட்டிருக்கும். மலை உச்சிக்கு மலை உச்சி, நடுவில் ஒன்றும் இல்லாமல் இருந்தால் அது சரிதான். கட்டடமும் மரமும் கூட்டமும் உள்ள வளாகத்தில் சில நூறு மீட்டர் தெளிவாகக் கிடைத்தாலே பெரிது. மனித உடம்பு கூட இந்த அலையை உறிஞ்சிக்கொள்ளும். அதனால் கருவியை வாங்கும் முன் காலி மைதானத்தில் சோதித்துவிட்டுத் திருப்தி அடைந்துவிடக் கூடாது.

"அப்போ அதிக வாட் வாங்கலாமே?" என்றால், அதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. திறந்தவெளியில் தூரம் இரண்டு மடங்காக வேண்டுமானால் திறன் நான்கு மடங்காக வேண்டும். அரை வாட் கருவியை விட்டுவிட்டு 5 வாட் வாங்கினால் திறன் 10 மடங்கு; தூரமோ வெறும் 3 மடங்குக்குக் கொஞ்சம் அதிகம். கட்டடங்களுக்கு நடுவே அந்த ஆதாயமும் குறையும்.

அதைவிட முக்கியம், சட்டம். இந்தியாவில் 2018ல் வந்த விதிகளின்படி 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான சின்னப் பட்டையில் இயங்கும் குறைந்த திறன் கருவிகளுக்கு லைசென்ஸ் தேவையில்லை. இந்த வகைக் கருவிகள் பொதுவாக அரை வாட். 12.5 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் 16 சேனல்கள் இதில் அடங்கும். ஒரு கல்லூரி விழாவுக்குத் தாராளம்.

ஆன்லைனில் மலிவாகக் கிடைத்த பல கருவிகள் இந்தப் பட்டைக்குள் நிற்பவை அல்ல. உலகப் புகழ்பெற்ற பாவ்ஃபெங் யுவி-5ஆர் மாடலையே எடுத்துக்கொள்ளுங்கள். 136 முதல் 174 வரையும், 400 முதல் 520 மெகாஹெர்ட்ஸ் வரையும் அது பேசும். அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் வைத்திருப்பவர் கையில் அது அருமையான பொம்மை. லைசென்ஸ் இல்லாத வாலண்டியர் கையில் அதுவே வம்பு. போலீஸ் போன்ற அவசர சேவைகளின் பேச்சில் குறுக்கிட்டுவிடும் அபாயம் உண்டு. அமெரிக்கச் சந்தைக்காகச் செய்த 462, 467 மெகாஹெர்ட்ஸ் குடும்ப ரேடியோக்களும் அங்கேதான் இலவசம், இங்கே இல்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025ல் இதற்கென்றே வழிகாட்டு நெறிமுறைகள் கொண்டுவந்தது. எந்த அலைவரிசை, லைசென்ஸ் தேவையா, ஈ.டி.ஏ. சான்று உண்டா என்பதையெல்லாம் விற்பவர் தெளிவாகச் சொல்ல வேண்டும். சொல்லாத கடையில் வாங்க வேண்டாம். அவ்வளவுதான்.

"பிரைவசி கோடு" என்று பெட்டியில் போட்டிருப்பதையும் நம்பிவிடக் கூடாது. அது குரலோடு சேர்த்து அனுப்பப்படும் ஒரு மெல்லிய தொனி, அவ்வளவே. மற்றவர் பேச்சு உங்கள் ஸ்பீக்கரில் வராமல் தடுக்குமே தவிர, உங்கள் பேச்சை மற்றவர் கேட்பதைத் தடுக்காது. யாரைப் பற்றியும் அதில் புறம் பேசாமல் இருப்பது உத்தமம்!

2. காசை ஹெட்செட்டில் போடுங்கள்

பலரும் தலைகீழாகச் செய்வது இங்கேதான். பட்ஜெட் முழுவதையும் கருவியில் போட்டுவிட்டு, பெட்டியோடு இலவசமாக வந்த இயர்போனை மாட்டிக்கொள்வார்கள். மேடை ஓரத்தில் சத்தம் 100 டெசிபல் இருக்கும்போது அந்த இயர்போனில் கேட்பது கொசு ரீங்காரம்தான்.

அமெரிக்காவின் தொழில்சார் உடல்நல நிறுவனமான நியோஷ் சொல்லும் வரம்பு இது: 85 டெசிபல் சத்தத்தில் 8 மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகிவிடும். அப்படிக் குறைந்து 100 டெசிபலில் வெறும் 15 நிமிடம்தான். வாக்கி டாக்கி கேட்கவில்லை என்று வால்யூமை முழுதாகத் திருப்பி அதையும் காதுக்குள் செலுத்தினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

எல்லோருக்கும் ஒரே மாதிரி ஹெட்செட் வாங்கவும் தேவையில்லை. இடத்துக்கு ஏற்றபடி மூன்று வகை போதும்.

ஸ்பீக்கர் அருகிலும் மேடைப் பக்கவாட்டிலும் நிற்பவர்களுக்கு இரண்டு காதையும் மூடும் கனமான ஹெட்செட். வாய் வரை நீளும் மைக் அவசியம். விலை அதிகம், ஆனால் இரண்டு மூன்று பேருக்கு மட்டும்தான் வேண்டும்.

கிரீன் ரூம், சவுண்டு மேசை போன்ற இடங்களுக்கு ஒரு காதை மட்டும் மூடும் லேசான ஹெட்செட். பக்கத்தில் இருப்பவரிடமும் பேச வேண்டுமே!

கேட், பார்க்கிங், வரவேற்பு வாலண்டியர்களுக்குக் காதில் கொக்கி போல மாட்டும் வகையோ, சுருள் குழாய் வகையோ போதும். இதுதான் மலிவு. குழாய் வகையில் காதுக்குள் போகும் ரப்பர் முனையை ஆளுக்கு ஒன்று கொடுத்துவிடுங்கள். ஒருவர் காதில் இருந்ததை எடுத்து அடுத்தவர் காதில் வைப்பது நட்பு அல்ல, தொற்று.

வாங்கும் முன் பின்னைப் பாருங்கள். பல மலிவுக் கருவிகளில் கென்வுட் பாணி இரட்டைப் பின் இருக்கும், ஒன்று 3.5 மில்லிமீட்டர், இன்னொன்று 2.5. வேறு கம்பெனிக் கருவிகளில் வேறு பின். எல்லாக் கருவியும் ஒரே பின்னில் இருந்தால் ஒன்று பழுதானால் இன்னொன்றை மாட்டலாம். போனில் போடும் இயர்போன் இதற்குப் பொருந்தாது.

பேசினாலே தானாக இயங்கும் வாக்ஸ் வசதியை அணைத்து வையுங்கள். பறை அடிக்கும் சத்தத்தையும் அது பேச்சு என்று நினைத்துக்கொள்ளும். அப்புறம் சேனல் முழுக்கப் பறைதான், மனிதர் யாரும் பேச முடியாது.

3. பேட்டரி கணக்கு

"12 மணி நேரம் தாங்கும்" என்பதற்கு அடியில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கும். நூற்றில் 5 பங்கு நேரம் பேசுவது, 5 பங்கு கேட்பது, மீதி 90 பங்கு சும்மா இருப்பது என்று வைத்துத்தான் வழக்கமாக இதை அளக்கிறார்கள். விழா நாளில் யார் சும்மா இருக்கிறார்கள்? சொன்ன நேரத்துக்கு முன்பே தீர்ந்துவிடும் என்று எடுத்துக்கொண்டு, கழற்றி மாற்றக்கூடிய பேட்டரி உள்ளதாக வாங்குவது நல்லது. முக்கியமானவர்களுக்கு உபரி பேட்டரி ஒன்று. சார்ஜ் போட ஒரு மேசை, அதற்கு ஒரு ஆள்.

4. எல்லாவற்றையும் இதில் செய்ய முடியாது

வாக்கி டாக்கியில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். இரண்டு பேர் சேர்ந்து அழுத்தினால் ஒன்று வலுவான சிக்னல் மட்டும் கேட்கும், அல்லது இரண்டும் சேர்ந்து கரகரக்கும். நாடகத்தில் லைட்டும் சவுண்டும் நொடி தப்பாமல் விழ வேண்டிய இடத்துக்கு இது சரிப்படாது. அதற்கு ஒயர் போட்ட இன்டர்காம் இருக்கிறது. 1968ல் சான் ஃபிரான்சிஸ்கோவில், ராக் கச்சேரிச் சத்தத்துக்கு நடுவே பேசுவதற்காகப் பிறந்த கிளியர்காம் இந்த வகையில் முன்னோடி. போனில் பேசுவது போல எல்லோரும் ஒரே நேரத்தில் பேசலாம், கேட்கலாம். சொந்தமாக வாங்கினால் கட்டுப்படியாகாது. சவுண்டு சர்வீஸ்காரரிடம் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். இருந்தால் லைட், சவுண்டு, ஸ்டேஜ் மூன்று இடத்துக்கு மட்டும் அது, மற்ற எல்லோருக்கும் வாக்கி டாக்கி.

5. தமிழில் ஒரு ஆபத்து

இது எந்தக் கடைக்காரரும் சொல்லாத விஷயம். வாக்கி டாக்கியில் பொத்தானை அழுத்திய உடனே பேசினால் முதல் எழுத்து விழுங்கப்படும். பேசி முடிக்கும் முன் விட்டுவிட்டால் கடைசி எழுத்து போய்விடும். தமிழில் "கூடாது" என்ற பொருள் எங்கே இருக்கிறது? கடைசியில்!

"டிரஸ்ஸை இறக்க வேண்டாம்" என்று சொல்பவர் அவசரத்தில் பொத்தானை விட்டுவிட்டால் எதிர்முனையில் கேட்பது "டிரஸ்ஸை இறக்க". மேலே இருப்பவர் இறக்கிவிடுவார். கீழே நடனக்குழு நின்றுகொண்டிருக்கும். "திறக்காதே" என்பதும் பாதியில் அறுந்தால் "திறக்க" என்றுதான் காதில் விழும். கதவும் அதே கதிதான்.

அதனால்தான் மேடைத் தொழிலில் இருப்பவர்கள் சில சொற்களை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். தயாராக இரு என்பதற்கு "ஸ்டாண்ட்பை". செய் என்பதற்கு "கோ". அந்தச் சொல்லை வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது. நிறுத்து என்பதற்கு "ஸ்டாப்", அதை மூன்று முறை. கேட்டவர் கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அழுத்து, ஒரு நொடி பொறு, பேசு, ஒரு நொடி கழித்து விடு. இதற்கு ஒரு ரூபாய் செலவு கிடையாது. விழாவுக்கு முதல் நாள் மாலை அரை மணி நேரப் பயிற்சி போதும்.

"ஸ்டாப்" சொல்லும் உரிமை யாருக்கு என்பதையும் அன்றே முடிவு செய்துவிடுங்கள். சரியான பதில், எல்லோருக்கும். கேட்டில் நிற்கும் முதலாம் ஆண்டுத் தம்பிக்கும்தான். சீனியர் திட்டுவாரோ என்று அவர் தயங்கினால் எவ்வளவு விலை உயர்ந்த கருவியும் வீண்.

வாங்குவதா, வாடகையா?

ஆண்டுக்கு ஒரே ஒரு விழா என்றால் கருவிகளை வாடகைக்கு எடுங்கள், எந்த அலைவரிசை, என்ன அனுமதி என்று கேட்டுக்கொண்டு. ஆனால் ஹெட்செட்டையும் ரப்பர் முனைகளையும் சொந்தமாக வாங்குங்கள், வாடகைக் கருவியின் பின் எது என்று பார்த்துக்கொண்டு. ஆண்டு முழுக்க நிகழ்ச்சி நடத்தும் கல்லூரி என்றால் 446 பட்டையில் ஒரே மாடலில் 8 கருவிகள் வாங்கினால் நல்ல தொடக்கம். பட்ஜெட்டில் மூன்றில் ஒரு பங்காவது ஹெட்செட்டுக்கு.

பொருளாளர் மறுபடியும் "எதுக்குடா?" என்று கேட்டால் தூரம், வாட் என்று விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். விழாவன்று மாலை, பாட்டு உச்சத்தில் இருக்கும்போது அவரைக் கேட்டில் நிறுத்திவிட்டு, மேடைக்கு ஒரு தகவல் அனுப்பச் சொல்லுங்கள். போனிலேயே முயன்று பார்க்கட்டும். அடுத்த ஆண்டு பட்ஜெட்டில் அந்த வரியை அவரே எழுதிவிடுவார்.