பூவா தலையா

2023 ஜூலை 3, திங்கள்

கூடலூரில் இன்றும் விடாத மழை. ஸ்டாஃப் ரூமில் குடைகளை விரித்துக் காயவைத்ததில் உட்கார இடமில்லை. பேப்பரில் சனிக்கிழமை நடந்த விழாவின் செய்தி: மத்தியப் பிரதேசத்து ஷாடோலில் பிரதமர் தேசிய சிக்கிள் செல் ரத்தசோகை ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கிவைத்திருக்கிறார். 40 வயது வரை உள்ள 7 கோடிப் பேருக்குப் பரிசோதனை, 2047க்குள் ஒழிப்பு என்று திட்டம். எங்கள் நீலகிரி மலைக்கு இது புதிய நோயல்ல. இந்தியாவில் இந்த நோய் முதலில் கண்ணில் பட்டதே நீலகிரிப் பழங்குடிகளின் ரத்தத்தில்தான். லேமனும் கட்புஷும் 1952இலேயே எழுதிவிட்டார்கள். எங்கள் பிளஸ் டூ விலங்கியல் புத்தகத்தில் ‘கதிர் அரிவாள் இரத்தசோகை’ என்று வரும். படிக்கும் பிள்ளைகள் அதைத் தங்கள் ஊர் நோயோடு சேர்த்துப் பார்ப்பதே இல்லை. பெயர் அவ்வளவு தூரத்தில் இருக்கிறது.

மதியம் கம்ப்யூட்டர் சயின்ஸ் (சி.எஸ்.) சார் அலுத்துக்கொண்டார். “பைத்தான்ல எத்தனை நாளைக்குத்தான் வாய்ப்பாடு பிரின்ட் பண்றது டீச்சர்? ஏதாவது உருப்படியா கணக்கு கொடுங்க.” பயோ பிரிவில் 16 பேர், அவருடைய பிரிவில் 16 பேர். இந்த நோய் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு இறங்கும் கணக்கையே கொடுத்து, ஆளுக்கொருவராகச் சேர்த்து ஜோடி போட்டுவிடலாம் என்று முடிவு. ஒரே பள்ளியில் படித்தும் இந்த இரண்டு பிரிவும் பேசிக்கொள்வது கேன்டீனில் மட்டும்தான்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கறார். வீட்டுக் கதை கேட்கும் புராஜெக்ட் இனி வேண்டாம். போன வருடம் ‘நாக்கைக் குழல்போல மடிக்க முடிவது ஓங்கு பண்பு, பெற்றோரில் ஒருவருக்காவது இருந்தால்தான் பிள்ளைக்கு வரும்’ என்று குடும்பக் கணக்கெடுப்பு கொடுத்தேன். ஒரு பையன் இரண்டு நாள் கழித்து, யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து வந்து நின்றான். அப்பாவுக்கும் மடியவில்லை, அம்மாவுக்கும் மடியவில்லை, அவனுக்கு மடிகிறது. அவன் எதைக் கேட்க வந்தான் என்பது முகத்தில் தெரிந்தது. அன்று இரவுதான் தேடிப் படித்தேன். 1940இல் ஸ்டர்ட்டெவன்ட் சொன்னது அது. 1952லேயே ஒரே கரு இரட்டையரில் ஒருவருக்கு மடிந்து மற்றவருக்கு மடியாததைக் கண்டு, அது அவ்வளவு எளிய பரம்பரைப் பண்பு அல்ல என்று காட்டிவிட்டார்கள். எழுபது வருடப் பழைய திருத்தம் எனக்கு வந்துசேரவில்லை. மறுநாள் காலை முதல் வேலையாக அந்தப் பையனிடம் சொன்னேன். அவன் சிரித்தான். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

ஜூலை 5, புதன்

கம்ப்யூட்டரைத் தொடும் முன் கையால் செய்து பார்க்கட்டும் என்று புளியங்கொட்டை கொண்டுவரச் சொன்னேன். தாயம் ஆடுவதற்குத் தேய்ப்பதுபோல ஒரு பக்கம் வெள்ளை தெரியத் தேய்த்த கொட்டைகள். ஜோடிக்கு இரண்டு, ஒன்று அப்பா, ஒன்று அம்மா. இருவருமே கடத்திகள்: நல்ல அல்லீல் (மரபணு வடிவம்) ஒன்று, நோய் அல்லீல் ஒன்று. வெள்ளை விழுந்தால் நல்ல அல்லீல், கறுப்பு விழுந்தால் நோய் அல்லீல். இரண்டும் கறுப்பானால் பிள்ளைக்கு நோய். 16 ஜோடி, ஜோடிக்கு 20 வீச்சு, மொத்தம் 320 பிள்ளைகள். பெற்றோரின் அல்லீல்களைச் சேர்த்துப் பார்க்கும் புன்னட் கட்டத்தின்படி நாலில் ஒன்று, அதாவது 80 வர வேண்டும்.

வந்தது 108. அஷ்டோத்திரத்துக்கு நல்ல எண், மரபியலுக்கு ஆகாது. கூட்டியதில் தப்போ என்று இரண்டு முறை கூட்டினோம். அப்போது மூன்றாம் பெஞ்சுப் பெண் (வாரத்தில் இரண்டு நாள் வரமாட்டாள், வந்தால் வாய் திறக்கமாட்டாள்) சொன்னாள்: “தேய்ச்ச பக்கம் தட்டை டீச்சர். தட்டைதான் கீழ படுக்கும். கறுப்புதான் மேல வரும். தாயத்துல எங்க பாட்டி அத வெச்சுதான் ஜெயிக்கும்.”

கறுப்பு நூற்றுக்கு 58 முறை விழுந்தால் போதும், நாலில் ஒன்று ஏறக்குறைய மூன்றில் ஒன்றாகிவிடும். நாணயத்துக்கு மாறினோம்: தலை நல்லது, பூ நோய். இந்த முறை 76. “80 வரலையே” என்று ஒருவன் முகம் சுருங்கியது. பட்டாணி விதையை எண்ணிய மெண்டலுக்கே உருண்டை 5,474, சுருங்கியது 1,850. வகுத்தால் 2.96. சரியாக 3 அவருக்கும் வரவில்லை என்றேன். கொஞ்சம் தேறினான்.

ஜூலை 7, வெள்ளி

ஹைடெக் லேபில் 12 கம்ப்யூட்டர் உயிரோடு இருந்தன. மரம் விழுந்து கரன்ட் போய், யூபிஎஸ் கத்தி, பத்து நிமிடம் வீண்.

இன்று மரபணுவையே எழுத்துச் சரமாகத் தட்டச்சு செய்தோம். பீட்டா குளோபின் மரபணுவின் தொடக்கத்திலிருந்து 27 எழுத்துகள். மூன்று மூன்றாக வெட்டினால் 9 கோடான்கள். ஏ-டி-ஜி, ஜி-டி-ஜி, சி-ஏ-டி, சி-டி-ஜி, ஏ-சி-டி, சி-சி-டி, ஜி-ஏ-ஜி, ஜி-ஏ-ஜி, ஏ-ஏ-ஜி. ஆறாம் இடத்தில் இருக்கும் குளுட்டாமிக் அமிலம் வாலினாக மாறுவதுதான் நோய் என்கிறது புத்தகம். நடு எழுத்தில் ஏ போய் டி வருகிறது, அவ்வளவுதான். “அந்த ஒரு எழுத்தை மாற்றுங்கள்” என்றேன்.

சண்டை வந்துவிட்டது. ஒரு ஜோடி விரல்விட்டு எண்ணி ஆறாவதாக சி-சி-டியைப் பிடித்தது, அது புரோலின். பக்கத்து ஜோடி பட்டியலில் 6 என்று கேட்டது. திரையில் ஜி-ஏ-ஜி வந்தது. “புக்ல இருக்குறது வந்துடுச்சு பாத்தியா” என்று சி.எஸ். பையன் காலரைத் தூக்கிவிட்டான். பயோ பெண் விடவில்லை: “எப்படிடா வந்துச்சு? எண்ணிப் பாரு, அது ஏழாவது.”

இரண்டு பேர் சொன்னதும் சரி. பைத்தான் பூஜ்யத்திலிருந்து எண்ணுகிறது. செல்லோ புரதம் கட்டும்போதே, ஏ-டி-ஜிக்காக முதலில் வைத்த மெத்தியோனினைக் கத்தரித்து எறிந்துவிடுகிறது. புத்தகம் அது போன பிறகு எண்ணுகிறது. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு காரணங்கள் 6 என்ற எண்ணில் வந்து இடித்துக்கொண்டன. இப்போதைய மரபியல் வழக்கத்தில் முதல் மெத்தியோனினையும் சேர்த்து எண்ணி ஏழு என்றே எழுதுகிறார்கள் என்றதும், பயோ பெண் அவன் காலரை மடித்துவிடச் சொன்னாள். இருபத்திரண்டு வருடமாக ‘ஆறு’ என்று நடத்தியிருக்கிறேன். ஏன் ஆறு என்று இதுவரை ஒரு பிள்ளையும் கேட்டதில்லை.

இன்னொரு ஜோடி குறுக்குவழியில் போனது: ‘ரீப்ளேஸ்’ போட்டு ஜி-ஏ-ஜி எங்கிருந்தாலும் ஜி-டி-ஜி ஆக்கு என்று கட்டளை. அடுத்தடுத்து இரண்டு ஜி-ஏ-ஜி இருப்பதால் இரண்டும் மாறிவிட்டன. இரண்டு வாலின். “இது என்ன நோய் டீச்சர்?” “உன் கம்ப்யூட்டருக்கு வந்த நோய்” என்றார் சார்.

ஜூலை 11, செவ்வாய்

இன்று குடும்பங்கள். பெற்றோர் இருவரும் கடத்திகள், வீட்டுக்கு நாலு பிள்ளை, 10,000 வீடு. ரேண்டம் மாட்யூலைக் கூப்பிட்டு, உள்ளே ஒரு லூப், வெளியே ஒரு லூப், பதினோரு வரி. என்டர் தட்டியதும் கண்ணிமைக்கும் நேரத்தில் 40,000 பிள்ளைகள் பிறந்துவிட்டார்கள்.

ஒரு பிள்ளைக்கும் நோய் இல்லாத வீடு 3,171. ஒருவருக்கு மட்டும் 4,208. இருவருக்கு 2,115. மூவருக்கு 465. நாலு பேருக்கும் 41.

லேபில் சத்தம் அடங்கிவிட்டது. ‘நாலில் ஒன்று’ என்றால் நாலு பிள்ளையில் ஒரு பிள்ளை என்றுதான் 32 பேரும் நினைத்திருந்தார்கள். அப்படி அமைந்த வீடு பாதிகூட இல்லை.

மூன்றாம் பெஞ்சுப் பெண் திரையைப் பார்த்தபடி கேட்டாள்: “மூத்த பிள்ளைக்கு வந்துட்டா கணக்கு தீர்ந்துடாதா டீச்சர்? நாலுல ஒண்ணு போயிடுச்சுல்ல?”

நான் பதில் சொல்லவில்லை. அவள் ஜோடிப் பையன் ஒரு ‘இஃப்’ சேர்த்தான்: மூத்ததற்கு நோய் உள்ள வீடுகளை மட்டும் எடு, இரண்டாவது பிள்ளையைப் பார். மறுபடியும் நாலில் ஒன்றுதான். மூன்றாவது பிள்ளைக்கும் அதே. அவள் கேட்டுக் கேட்டு அவன் மாற்றினான். முதல் மூவருக்கும் நோய் உள்ள வீடுகளையும் எடுத்துப் பார்த்தார்கள். நாலாவதுக்கும் நாலில் ஒன்றை ஒட்டித்தான் நின்றது. “நாணயத்துக்குப் போன தடவை என்ன விழுந்துச்சுன்னு எப்படித் தெரியும்?” என்றான் அவன், சலித்துப்போய்.

மணி அடித்தும் அவள் எழவில்லை. நோய் வராத பிள்ளைகளில் எத்தனை பேர் கடத்தி என்று எண்ண முடியுமா என்றாள். பாதி இருக்கும் என்று அவன் சொல்லிக்கொண்டே தட்டினான். நோய் இல்லாதவர்கள் 30,003; அவர்களில் கடத்திகள் 20,011. மூன்றில் இரண்டு பங்கு. புன்னட் கட்டத்தின் நாலு அறையில் நோய் அறையை அடித்துவிட்டால் மிச்சம் மூன்று, அதில் இரண்டு கடத்தி. நான் பலகையில் எத்தனையோ தடவை போட்ட கட்டம்தான். அவள் எண்ணை நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டாள். அவளுடைய அண்ணன் மாதாமாதம் ஆஸ்பத்திரிக்குப் போகிறவன் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது.

ஜூலை 14, வெள்ளி

புராஜெக்ட் ரெக்கார்டில் ‘பயன்’ என்ற தலைப்பில் பாதிப் பேர் ‘நாட்டு முன்னேற்றம்’ என்று எழுதியிருந்தார்கள். அடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். ரீப்ளேஸ் ஜோடி மட்டும் தங்கள் தப்பை ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தது. அதற்குத்தான் அதிக மதிப்பெண்.

கடத்தி என்றால் நோயாளி இல்லை என்பதை இன்னொரு முறை நிறுத்திச் சொன்னேன். மலேரியா உள்ள காட்டில் கடத்திகளுக்கு ஒரு பாதுகாப்பு உண்டு. அல்லிசன் 1954இல் ஆப்பிரிக்காவில் அதைக் காட்டினார். இந்த மரபணு இங்கே தங்கியதில் அதற்கும் பங்குண்டு. பரிசோதனை எங்கே செய்வார்கள் என்று பொதுவாகச் சொல்லிவைத்தேன், யார் முகத்தையும் பார்க்காமல்.

ஜூலை 17, திங்கள்

காலையில் பிரேயருக்கு முன் அவள் வந்தாள். குடை இல்லை, தலை நனைந்திருந்தது.

“நேத்து ராத்திரி அம்மாவும் நானும் காசு போட்டுப் பார்த்தோம் டீச்சர்.”

அண்ணனுக்கு வந்தது தான் செய்த எதனாலோ என்று அம்மா இத்தனை வருடமாக நினைத்துக்கொண்டிருந்தாராம். கர்ப்பத்தில் தூக்கிய விறகுச் சுமையோ, ஏதோ ஒரு கிரகணமோ. இவள் இரண்டு ஒரு ரூபாய்க் காசைக் கையில் கொடுத்து, இது நீ, இது அப்பா, போடு என்றிருக்கிறாள்.

“முதல் தடவையே ரெண்டும் பூ. மறுபடி போட்டாங்க. அப்பவும் ரெண்டும் பூ.”

“அப்புறம்?”

“மூணாவது தடவை போடல டீச்சர். ரெண்டு காசையும் எடுத்து முந்தானையில முடிஞ்சுக்கிட்டாங்க. புதன்கிழமை டெஸ்டுக்கு நானும் வர்றேன்னு சொல்லியிருக்காங்க. எனக்கு அன்னிக்கு லீவு வேணும்.”

லீவு லெட்டரில் காரணம் எழுதும் இடத்தை அவள் காலியாக விட்டிருந்தாள். அப்படியே கையெழுத்துப் போட்டேன்.