பனிக்குள் ஊன்றிய அளவுகோல்

தம்பி, துருவக் கடல் ஆராய்ச்சிக்குப் போகப்போகிறாய். கணினியில் மாதிரி ஓட்டுவதுதான் உயர்ந்த வேலை, அளவுகோலோடு பனியில் நிற்பது கீழ்வேலை என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதே.

கடலில் மிதக்கும் பனிக்கட்டியில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான் நீருக்கு மேலே தெரியும். 2010-இல் ஏவப்பட்ட கிரையோசாட்-2 செயற்கைக்கோள், ரேடார் அலை அனுப்பி அந்தச் சிறு பங்கைத்தான் அளக்கிறது. முழுத் தடிமனை அதிலிருந்து கணக்கிட்டுக்கொள்கிறார்கள். மேலே ஒரு சென்டிமீட்டர் பிசகினால் கணக்கில் பத்து சென்டிமீட்டர் பிசகும்.

கட்டியின் மேல் குவியும் வெண்பனிதான் பெரும் சிக்கல். அதன் எடை கட்டியை நீருக்குள் அழுத்துகிறது. அது ஈரமாகவோ உப்பேறியோ இருந்தால் ரேடார் அலை கட்டிவரை இறங்காமலே திரும்பிவிடும். ஆகவே வெண்பனியின் ஆழம் தெரிந்தாக வேண்டும். அதை எங்கிருந்து எடுத்தார்கள் தெரியுமா? 1954 முதல் 1991 வரை, ஆர்க்டிக்கில் மிதந்து நகரும் பனிப்பாளங்களில் முகாமிட்டிருந்த சோவியத் ஆட்கள் அளவுகோலை ஊன்றிப் பார்த்து எழுதிவைத்த குறிப்புகளிலிருந்து! சூரியனே எழாத மாதங்களிலும், எப்போது பிளக்குமென்று சொல்ல முடியாத தரையில் நின்று அளந்தார்கள். 1999-இல் ஆய்வாளர் ஸ்டீபன் வாரனும் அவர் குழுவினரும் அவற்றைத் தொகுத்து மாதவாரிச் சராசரியாக வெளியிட்டார்கள். கிரையோசாட்டின் தடிமன் கணக்குகள் பல ஆண்டுகள் அந்தச் சராசரியை நம்பித்தான் நடந்தன.

அதற்காகப் பழைய கணக்கைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் கூடாது. அவர்கள் அளந்தது பெரும்பாலும் பல கோடைகளைத் தாண்டிய தடித்த பனியில். இன்று ஆர்க்டிக்கில் அதிகம் இருப்பது ஒரே குளிர்காலத்தில் உறைந்த மெல்லிய பனி. விமானத்திலிருந்து அளந்தபோது அதன்மேல் வெண்பனி பழைய சராசரியில் பாதியளவே இருந்தது. ஆகவே அங்கே பாதியாக்கிக் கணக்கிட்டார்கள். பழையவர்கள் தோற்றுப்போனார்கள் என்று நான் சொல்லமாட்டேன். எங்கே, எந்த மாதம், எப்படிப்பட்ட பனியில் அளந்தோம் என்று அவர்கள் எழுதிவைத்ததால்தானே அந்தக் கணக்கு எங்கே பொருந்தாது என்று தெரிந்தது?

கணினி மாதிரிகளும் நேரடி அளவுகளைச் சார்ந்தவைதான். ஆர்க்டிக் கடற்பனியைக் கணக்கிடும் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் பியோமாஸ் மாதிரியைக்கூட நீர்மூழ்கிக் கப்பல்களின் சோனார் அளவுகளோடு ஒப்பிட்டுத்தான் சரிபார்த்தார்கள்.

கப்பலில் இடம் கிடைத்தால் தயங்காமல் போ. துளையிடும் கருவியை நீயே பிடித்துப் பழகு. நாள், இடம், ஆழம் எல்லாவற்றையும் அன்றன்றே குறிப்பேட்டில் எழுது. காற்று வலுத்து அளக்க முடியாமல்போன இடத்துக்கு எதிரே ‘அளக்கவில்லை’ என்று எழுது. அங்கே சுழியம் போட்டுவிடாதே.