ஹான்ட் பிறேக் இழுத்தும் நில்லாத கார்

யாழ்ப்பாணத்துத் தட்டை நிலத்தில் சைக்கிள் ஓடிப் பழகிய எங்களுக்கு மலைச் சரிவு புதிது. ஒரேத்தோவில் குடியிருந்து, தொழிற்சாலைச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, ஒரு பழைய கார் வாங்கினோம். ஒரு ஞாயிறு மொந்தே பெல்லெக்ரீனோவில், புனித ரொசாலியாவின் குகைக்கோயிலுக்குப் போகும் பாதையில், ஹான்ட் பிறேக்கை முழுதாக இழுத்துவிட்டு இறங்கினோம். பின்சீற்றில் சின்னவள் நித்திரை. கார் மெல்லப் பின்னுக்கு உருண்டது. ஓடிப்போய்க் கதவைத் திறந்து பிறேக்கை மிதித்த பிறகுதான் மூச்சு வந்தது.

கேபிளை இறுக்கினால் சரியென்றே நினைத்தோம். கராஜில் சில்லைக் கழற்றிப் பார்த்தால், பின் கலிப்பரில் கேபிள் இழுக்கும் சிறு லீவர் துருப்பிடித்து, விட்டால் திரும்பி வராமல் நின்றது. அந்த நிலையில் கேபிளை இறுக்கினால் குறை மறையும். பிறேக் கட்டைகள் உரசிச் சூடேறும். லீவர் மட்டும் இறுகியிருந்தால் கழற்றித் துப்புரவாக்கிப் புது சீல் போடலாம். எங்களுடையதில் பிஸ்டனையும் துரு அரித்திருந்தபடியால் இரு பக்கக் கலிப்பரையும் மாற்றினோம். எண்ணெயில் காற்றெடுத்த பின்னரே கேபிளைச் சரிசெய்தார்கள். அந்த மாதம் ஊருக்குக் காசு அனுப்ப முடியவில்லை.

இத்தாலியில் புதுக் காருக்கு 4 வருடத்திலும், பின்னர் 2 வருடத்துக்கொரு முறையும் நடக்கும் 'ரெவிசியோனே' சோதனையில் ஹான்ட் பிறேக்கும் பார்க்கப்படும். அதுவரை காத்திராதீர்கள், உறவுகளே. சரிவில் கியரிலும் விட்டு, உருண்டாலும் ஓரக்கல்லில் முட்டும்படி சில்லைத் திருப்பி நிறுத்துங்கள். பிள்ளையைத் தனியே உள்ளே விட்டு இறங்காதீர்கள்.