குத்தகைக் காணிக்கு எரு

லண்டனில் மரக்கறி செய்ய எனக்குக் குத்தகைக்குக் கிடைத்த அலொட்மென்ட் துண்டு 5 ரொட். கவுன்சில் அனுப்பிய ஒப்பந்தத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது. ரொட் என்றாலும் போல் என்றாலும் பேர்ச் என்றாலும் அளவு ஒன்றுதான். இங்கே வழமையான முழுத் துண்டு 10 ரொட், ஏறக்குறைய 250 சதுர மீற்றர். எங்கள் ஊரில் தோட்டக் காணி 16 பரப்பு சேர்ந்தால் ஓர் ஏக்கர். ஒரு பரப்பு 10 பேர்ச். ஆக, இந்த நாட்டின் முழு அலொட்மென்ட் சரியாக எங்கள் ஊர் ஒரு பரப்பு. எனக்கு வாய்த்தது அரைப் பரப்பு. யாழ்ப்பாணத்து வலிகாமச் செம்மண்ணில் என் ஐயா குத்தகைக்குச் செய்தது நாலு பரப்பு.

கவுன்சிலின் காத்திருப்போர் பட்டியலில் பெயரைப் பதிந்தபோது, நல்ல மரக்கறி சாப்பிடவேண்டும் என்று எல்லோருக்கும் சொன்னேன். உண்மையில் எனக்கிருந்தது காணி ஆசை. நாங்கள் காணி இல்லாத குடும்பம். இருந்த வீட்டு வளவைத் தவிர ஐயா கொத்திய மண் எல்லாம் அடுத்தவருடையது. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கூட வந்த பிள்ளைகள் "இது எங்கட தோட்டம்" என்று ஒழுங்கையின் இரு பக்கமும் கை காட்டுவார்கள். நான் பேசாமல் நடப்பேன். ஐயா தோட்டத்தில் குனிந்து நிற்பது தெரிந்தால் வேறு ஒழுங்கையால் சுற்றிப் போன நாட்களும் உண்டு. இதை அவர் இருக்கும்வரை அவரிடம் சொன்னதில்லை.

ஐயாவின் குத்தகை வாய்ப்பேச்சில் முடிகிற விஷயம். வருஷக் காசை முன்கூட்டியே கட்டவேண்டும். வெங்காயம் நடுவதற்கு முன் மண்ணைச் சரிப்படுத்துவதுதான் அவருக்குப் பெரிய வேலை. பூவரசங் குழையை வண்டியில் வாங்கிப் பறிப்பார். போதாவிட்டால் வேலிச் சீமைக்கிளுவையை வெட்டுவார். சால் எடுத்து, குழையைப் பரப்பி, மண்ணால் மூடித் தாட்டுவிடுவார். ஆட்டெரு தேடி அயலூருக்கும் போவார். எங்கள் செம்மண் தண்ணீரை வேகமாகக் கீழே விட்டுவிடும். மண்ணுக்குள் மக்கிய குழை இருந்தால்தான் இறைக்கும் தண்ணீர் பயிரின் வேரில் நிற்கும்.

அம்மாவுக்கு இது பொறுக்காது. "ஆற்றையோ காணிக்கு ஏன் உவ்வளவு குழை வாங்கிக் கொட்டுறியள்?" என்பா. ஐயா ஒரே பதில்தான் சொல்வார்: "வெங்காயம் வைக்கேக்கை மண்ணைப் பாக்கிறதோ, உறுதியைப் பாக்கிறதோ?"

அம்மாவின் கணக்கும் பிழையானதல்ல. குழை ஒரே போகத்தில் முழுப் பலனையும் தந்துவிடாது. இரண்டு மூன்று வருஷம் தொடர்ந்து தாட்டால்தான் மண் நிறம் மாறும், கைக்குள் பொலபொலக்கும். மண் அந்த நிலைக்கு வரும்போது காணிக்காரரின் கண்ணிலும் அது படும். குத்தகை ஏறும். ஏறின காசைக் கட்ட முடியாத வருஷம், வெங்காயம் கிண்டின கையோடு காணி வேறொருவருக்குப் போகும். ஐயா அடுத்த தரிசுத் துண்டில் திரும்பக் குழை தாட்கத் தொடங்குவார். அப்படி அவர் எழுப்பிக் கொடுத்த காணிகள் ஊரில் பல. அவற்றில் ஒன்றில்கூட அவர் போட்டதற்கு ஒரு சதம் திரும்பி வந்ததில்லை.

லண்டன் மண் வேறு சாதி. களிமண். மாரியில் சப்பாத்தோடு ஒட்டிக்கொண்டு வரும். கோடையில் விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும். எனக்கு முன் இருந்தவர் கைவிட்ட துண்டு அது. முள்பழப் பற்றை, அதன் கீழே பைண்ட்வீட் என்கிற கொடி. அதன் வேர் வெள்ளை நூல்போல ஆழத்துக்கு ஓடும். ஒரு சிறு துண்டு மண்ணில் தவறினாலும் அதிலிருந்து புதுக் கொடி எழும். மண்வெட்டியால் வெட்டக் கூடாது, கவைமுள்ளால் கிளறி, வேரைக் கையால் இழுத்தெடுக்க வேண்டும் என்று காட்டித் தந்தவர் பக்கத்துத் துண்டுக்காரர். ஜமேக்காவிலிருந்து இளவயதில் வந்த முதியவர். அவருடைய துண்டில் தளதளவென்று நின்ற கீரையைப் பார்த்து நான் நின்றுவிட்டேன். அவர் "கலலூ" என்றார். எங்கள் கீரைக் குடும்பமேதான். அன்றிலிருந்து விதை இரண்டு பக்கமும் போய் வருகிறது.

இலையுதிர் காலத்தில் அவர் செய்த ஒரு வேலைதான் என்னை உலுக்கியது. போஞ்சி வைக்கப்போகும் இடத்தில் ஒரு முழ ஆழத்துக்கு நீளக் கிடங்கு வெட்டினார். சமையலறைக் கழிவு, கோவாவின் வெளி இலை, கொம்ஃப்ரி என்கிற செடியின் அகன்ற இலைகள் எல்லாவற்றையும் அதில் நிரப்பி மண்ணால் மூடினார். மாரி முழுக்க அது மக்கும்; ஜூன் மாதம் செம்பூப் போஞ்சிக் கொடி அதன்மேல் ஏறும்போது வேருக்கு ஈரமும் உணவும் அடியில் இருக்கும். இங்கத்தைய பழைய தோட்டக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த முறையாம் அது. எனக்கு அது குழை தாட்கிற வேலை. நானும் ஒரு கிடங்கு வெட்டினேன்.

ஊர் விதைகளில் சில இங்கே சரிவராது. கீரை, வெந்தயம், கொத்தமல்லி, முள்ளங்கி கோடையில் தாராளமாக வரும். பாகலும் புடோலும் பொலித்தீன் கூடாரம் இல்லாமல் ஆகாது. ஊரிலிருந்து வந்த அவரை விதை என்னை ஒரு கோடை முழுக்கக் காக்க வைத்தது. கொடி கூரைவரை படர்ந்தது. ஒரு பூ இல்லை. வெயில் குறைவு என்று நினைத்தேன். காரணம் இரவு. எங்கள் பழைய அவரை இனங்கள் பலவும் இரவு நீண்டால்தான் பூக்கும். லண்டனில் ஜூன் மாதப் பகல் பதினாறரை மணித்தியாலம். செப்டெம்பரில் இரவு நீண்டு மொட்டு வைக்கத் தொடங்க, குளிர் வந்து கொடியைக் கொன்றுவிட்டது. இப்போது அந்த இடத்தில் இங்கத்தைய போஞ்சிதான்.

நான் சொல்ல வந்தது எருவைப் பற்றி. அருகிலிருந்த குதிரை லாயத்தில் எரு இலவசமாகக் கிடைக்கும், கொண்டுவரும் வண்டிக்குத்தான் காசு. ஒரு முழு வண்டிக்குப் பேசி முடித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. என் வாயில் அம்மாவின் கேள்வி. ஆற்றையோ காணிக்கு ஏன் உவ்வளவு? கவுன்சில் நாளைக்கே எழும்பு என்றால்? எழுந்துபோய் ஒப்பந்தத்தை எடுத்து, கையெழுத்து வைத்த நாளில் வாசிக்காத பக்கங்களை வாசித்தேன். பிறகு அந்தப் பக்கங்களில் குறிப்பிட்டிருந்த சட்டங்களைத் தேடி வாசித்தேன்.

இங்கிலாந்தில் ஊர்ப் பொதுநிலங்களை வேலி போட்டு வளைத்து, நிலமற்றவர்களைக் கூலிகளாக்கிய நீண்ட காலம் ஒன்று இருந்தது. அந்தக் கோபத்தை ஆற்றக் கொடுக்கப்பட்ட சிறு துண்டுகளில்தான் அலொட்மென்டின் தொடக்கம். 1908இல் வந்த சட்டம், மக்கள் கேட்டால் துண்டு ஒதுக்குவதை உள்ளூராட்சியின் கடமையாக்கியது. முதலாம் உலகப் போரில் ஜேர்மன் நீர்மூழ்கிகள் உணவுக் கப்பல்களை மூழ்கடித்தபோது, வெறும் நிலமெல்லாம் துண்டு போடப்பட்டது. போர் முடியும்போது ஏறக்குறைய 15 இலட்சம் துண்டுகள் இருந்தன. சமாதானம் வந்ததும் நிலத்துக்காரர் திரும்பக் கேட்டார்கள். வியர்வை சிந்தி மண்ணை எழுப்பியவர்கள் பலர் வெளியேற வேண்டியதாயிற்று. ஐயாவின் கதைதான்.

ஆனால் அவர்கள் சும்மா இருக்கவில்லை. 1922இல் வேறொரு சட்டம் வந்தது. குத்தகையை நிறுத்துவதென்றால் ஆறு மாத முன்னறிவித்தல் வேண்டும். 1950இல் அது பன்னிரண்டு மாதமாயிற்று. அந்த அறிவித்தல் முடிகிற நாள் ஏப்ரல் 6இலோ அதற்கு முன்னரோ, அல்லது செப்டெம்பர் 29இலோ அதற்குப் பின்னரோதான் வரலாம். ஏன் அந்தத் தேதிகள்? இடைப்பட்ட மாதங்களில் பயிர் நிலத்தில் நிற்கும். விதிவிலக்குகள் சில உண்டு. ஆனாலும் பயிர் நிற்கையில் ஆளை எழுப்பக் கூடாது என்பதைப் பாராளுமன்றம் உட்கார்ந்து யோசித்திருக்கிறது. 1922இன் சட்டத்தில் இன்னொரு வரி. நிலத்துக்காரர் அறிவித்தல் கொடுத்து எழுப்பினால், நிலத்தில் நிற்கும் பயிருக்கும், குத்தகைக்காரர் இட்ட எருவுக்கும் நட்டஈடு கொடுக்கவேண்டும்.

இட்ட எருவுக்கு. நான் அந்த வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். மண்ணுக்குள் போய் மறைந்துவிட்ட ஒன்றை, கண்ணால் காட்ட முடியாத ஒன்றை, அதைப் போட்டவனின் சொத்து என்று ஒரு சட்டம் ஏற்றுக்கொள்கிறது. ஐயா தாட்ட குழை முழுவதும் என் கண்முன் வந்தது. அவ்வளவும் அவருடைய சொத்து. அவர் காணி இல்லாத மனிதர் என்றுதான் நான் ஒழுங்கை மாறி நடந்தேன். அவருடைய சொத்து ஊர் முழுக்க மண்ணுக்குள் இருந்திருக்கிறது, எழுதத்தான் ஆள் இருக்கவில்லை. வயதான காலத்தில், யாருமில்லாத சமையலறையில் இருந்து அழுதேன்.

எரு வந்து இறங்கியது. அத்தோடு, வருஷக் கணக்கில் யோசித்து நடுகிற பயிர்களையும் நடத் துணிந்தேன். அஸ்பராகஸ், நம் சாத்தாவாரியின் இனம், நட்டு முதல் இரண்டு வருஷம் தண்டை வெட்டக் கூடாது. பொறுத்தால் பிறகு இருபது வருஷம் வரையும் தரும். கறுப்புக் கரண்ட் பற்றையும், மரத்தைப் பெரிதாக வளரவிடாத வேரில் ஒட்டிய ஓர் அப்பிள் கன்றும் வைத்தேன். நாளைக்கு என்ன ஆகுமோ என்றிருப்பவள் இவற்றை நடமாட்டாள். கீரையோடும் முள்ளங்கியோடும் நின்றிருப்பாள்.

அம்மாவுக்குத் தொலைபேசியில் படம் காட்டினேன். 

"பிள்ளை, உது ஆற்ற காணி?" 

"குத்தகைதான் அம்மா." 

"எரு போட்டனியோ?" 

"ஒரு வண்டி." 

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "கொப்பரைப் போலத்தான் நீயும்" என்றா. அதில் முந்தின குறை இருக்கவில்லை.

இங்கே குத்தகைக்காரியாக நிற்கிற நான் ஊரில் காணிக்காரியும்கூட. கணவரின் முதுசமாக எட்டுப் பரப்புத் தோட்டக் காணி கிணற்றோடு இருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் பலரைப் போல நாங்களும் வருஷக் குத்தகைக்குக் கொடுத்து வந்தோம். வாய்ப்பேச்சுத்தான். இலங்கையில் 1958இன் நெற்காணிச் சட்டம் வயல் செய்கிற குத்தகைக்காரருக்காக வந்தது. செம்மண் தோட்டத்தில் வெங்காயம் செய்கிறவருக்கு அது உதவவில்லை. குத்தகையை நொத்தாரிஸ் முன் எழுதாவிட்டால் அவர் கையில் பிடிப்பதற்கு ஒன்றும் இல்லை.

எழுதிக் கொடுப்போம் என்று நான் சொன்னபோது மைத்துனர் எதிர்த்தார். "எழுதிக் குடுத்தால் காணி போயிடும்" என்றார். அந்தப் பயம் ஊரில் பலருக்கு உண்டு. போரில் காணி இழந்தவர்களின் ஊர் அது, பயத்தை நான் குறைவாக நினைக்கவில்லை. ஆனால் காணியின் உறுதி எங்கள் பெயரில் இருக்கிறது. நாங்கள் எழுதிக் கொடுப்பது, அதில் பாடுபடுகிறவரின் உழைப்புக்கான உறுதி. ஐந்து வருஷக் குத்தகை, இடையில் தொகை ஏறாது. நிறுத்துவதென்றால் பன்னிரண்டு மாத முன்னறிவித்தல், அதுவும் அறுவடை முடிந்த பிறகு. நாங்களாக எழுப்பினால், தாட்ட குழைக்கும் போட்ட எருவுக்கும் அயல் தோட்டக்காரர் இருவர் மதிப்புச் சொல்ல, அந்தக் காசை நாங்கள் கட்டவேண்டும்.

வரைவை வாசித்துக் காட்டியபோது, காணி செய்கிறவர் முதலில் நம்பவில்லை. அடுத்த கிழமை அவரே அழைத்தார். "அக்கா, அஞ்சு வருஷமெண்டால் ரெண்டு பரப்பிலை முந்திரிகை போடலாமோ? பந்தலுக்குத் தூண் நடவேணும், செலவு கிடக்கு."

தூணும் கம்பியும் அவருடையவை, குத்தகை முடிந்து போகும்போது கழற்றிக்கொண்டு போகலாம் என்று இன்னொரு வரி சேர்க்கச் சொல்லி நொத்தாரிஸுக்கு எழுதினோம்.